மூன்று படி

சிவில் நண்பர்களே, சின்னக் கணக்கு. ஆஸ்பத்திரித் தோட்டத்துக்கு மூன்று படி; தலா 15 செ.மீ., ஆக 45. சாய்தளம் 1:12 என்றால் நீளம் 5.4 மீட்டர். அது இல்லாததால், சக்கர நாற்காலியில் இருந்த என் அப்பா இரண்டு மாதம் வேப்பமரத்தை ஜன்னல் வழியாகவே பார்த்தார். "கீழே போலாமாடா?" என்று கேட்டுக்கிட்டே இருப்பார்.

ஜன்னலுக்கும் பலன் உண்டுதான். பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை முடிந்த 46 பேரின் குறிப்புகளை ஒப்பிட்டு 1984-ல் ரோஜர் உல்ரிச் எழுதினார்: மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சராசரியாக முக்கால் நாள் முன்பே வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

ஆனால் மருக்கொழுந்தைத் தொட்டு முகர ஜன்னல் போதாதே! உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்தில் பாத்தி, வழுக்காத பாதை, கைப்பிடி வேணும்.

சாய்தளம் வரைந்து, எஸ்டிமேட்டும் போட்டு, போன மாதம் கொடுத்தேன். பதில் இன்னும் வரலை.