நாலு சென்ட் நிலமும் நல்ல ஆதாரமும்

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு லயத்தில் வீடு உண்டு. பாட்டன் இருந்த லயத்தில் பேரனும் இருக்கிறான். ஆனால் அந்த வீடு யாருடையது?

வேலை உள்ளவரை நமக்கு. வேலை முடிந்தால் கம்பெனிக்கு. ஓய்வு பெற்றதும் காலி செய்ய வேண்டும். மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால்தான் குடும்பம் அங்கே தொடர முடியும்.

மூணாறு மலையில் இந்தக் கதை 1877-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. பூஞ்சாறு அரசரிடமிருந்து ஒரு வெள்ளைக்காரர் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறிய நம் ஆட்கள். 1971-இல் கேரள அரசு சட்டம் போட்டு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. தோட்டத்துக்கு வேண்டியது கம்பெனியிடம் விடப்பட்டது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்தமாக நிலம் கிடைக்கவில்லை.

2000-ஆம் ஆண்டில் பீர்மேடு பகுதியில் சில தோட்டங்கள் மூடப்பட்டன. கூலி நின்றது. போக இடமில்லாத குடும்பங்கள் ஒழுகும் லயத்திலேயே இருந்தன. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் போய்விட்டார்கள். பிழைத்தவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியார்வேலியில் இடமும் வீடும் கொடுத்தார்கள். இவ்வளவு பெரிய துயரத்துக்குப் பிறகுதான் அவர்களுக்குச் சொந்த இடம் என்று ஒன்று வந்தது.

அதனால்தான் வேலை இருக்கும்போதே நாலு சென்ட் நிலம் வாங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பணத்துக்கு எங்கே போவது?

ஓய்வு பெறும்போது கிராஜுவிட்டி கிடைக்கும். ஓராண்டு வேலைக்கு 15 நாள் கூலி என்பது கணக்கு. 30 ஆண்டு வேலை செய்தவருக்கு 450 நாள் கூலி. ஒரு நாள் கூலி 460 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2,07,000 ரூபாய் வரும். பி.எப். பணம் தனி. ஆனால் அதுவரை காத்திருந்தால் நிலத்தின் விலை நம்மை விட வேகமாக ஏறிவிடும். ஆகவே முன்பே சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். கேரள அரசின் கே.எஸ்.எப்.இ. நிறுவனம் 1969 முதல் சிட்டி நடத்துகிறது. மாதம் 2,000 ரூபாய் வீதம் 50 மாதம் கட்டினால் அது 1 லட்ச ரூபாய்ச் சிட்டி. அவசரப்பட்டு முதலிலேயே ஏலம் எடுத்தால் தள்ளுபடி அதிகம் போகும். பொறுத்து எடுப்பவருக்குக் கையில் கூடுதலாக நிற்கும். வட்டிக்காரரிடம் கடன் வாங்கி நிலம் வாங்கினால், நிலத்தின் விலை ஏறுவதற்குள் வட்டி நம்மைத் தின்றுவிடும்.

பணம் சேர்ந்துவிட்டது. இனிதான் கவனம் வேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நம் உறவுகள் இருக்கின்றன. சிலர் போடியில் வாங்குவார்கள், சிலர் குமுளியில் வாங்குவார்கள். ஆனால் நிலத்துக் காகிதங்களின் பெயர் மலையைத் தாண்டினால் மாறிவிடும்.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரம் என்பதை இடுக்கியில் ஆதாரம் என்பார்கள். (ஆதார் அட்டை வேறு. அதைக் காட்டி நிலத்தை விற்க முடியாது!) தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்று, கேரளத்தில் பாத்தியதா சர்ட்டிபிகேட். நிலத்தின் மேல் கடனோ அடமானமோ பதிவாகி இருக்கிறதா என்பதை அது காட்டும். பட்டா மாறுதல் என்பது அங்கே போக்குவரவு.

இதில் ஒரு சொல் பலரை ஏமாற்றிவிடுகிறது. தமிழ்நாட்டில் பட்டா என்றால் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவு. கேரளத்தில் பட்டயம் என்றால், அரசு நிலத்தை ஒருவருக்கு உரிமையாக்கி அரசு கொடுத்த ஆவணம். இரண்டும் ஒன்றல்ல. இடுக்கியில் பட்டயம் இல்லாத நிலம் நிறைய உண்டு. அதைக் கைவச பூமி என்பார்கள். ஒருவர் அனுபவித்து வருகிறார், உரிமைக் காகிதம் இல்லை என்று பொருள். விலை மலிவாக இருக்கும். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். அது போதாது. 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள நிலத்தை விற்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுச் சட்டம். பதியாத காகிதத்தை வைத்து வங்கியில் வீட்டுக் கடன் வாங்க முடியாது. அரசு கேட்டால் நிலமும் நிற்காது.

சரி, பட்டயம் இருந்தால் போதுமா? அதையும் பார்க்க வேண்டும். தேவிகுளம் தாலுகாவில் 1999-இல் 530 பட்டயங்கள் கொடுக்கப்பட்டன. முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது. ஆனால் கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கு அந்த அதிகாரம் முறையாக இல்லை என்று பின்னால் தெரிந்தது. 2022 ஜனவரியில் அவற்றை ரத்து செய்ய அரசு உத்தரவிட்டது. தகுதி உள்ளவர்கள் மறுபடி மனுக் கொடுக்கலாம் என்றார்கள். வாங்கி வீடு கட்டி 20 ஆண்டுக்கு மேல் குடியிருந்தவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்! ஆகவே பட்டயத்தின் எண்ணையும் ஆண்டையும் எழுதிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கே போய்க் கேளுங்கள். விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

பட்டயத்தின் நிபந்தனைகளையும் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். 1964-ஆம் ஆண்டு விதிகளின்படி கொடுத்தவை பெரும்பாலும் விவசாயத்துக்கும் வீட்டுக்கும்தான். கடை, விடுதி என்று ஆசை காட்டி விற்பவரிடம் எச்சரிக்கை தேவை. இதைத் தளர்த்த 2023-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனாலும் நாம் வாங்கும் துண்டுக்கு அது பொருந்துமா என்று கேட்டே ஆக வேண்டும். சில பட்டயங்களில் இத்தனை ஆண்டுக்கு விற்கக் கூடாது என்றும் இருக்கும்.

பாலக்காட்டுப் பக்கம் வேறு சிக்கல். சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி எல்லாம் தமிழ் பேசும் ஊர்கள். அங்கே ஆதாரம் பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆனால் நிலம் வயலாக இருக்கும். 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி நெல்வயலை மண் போட்டு நிரப்பக் கூடாது. வயல் விலையில் மனை கிடைக்கிறது என்று வாங்கியவர், வீடு கட்ட அனுமதி இல்லாமல் நிற்பார். கிருஷிபவனில் டேட்டா பேங்க் என்ற பட்டியல் இருக்கிறது. அந்தச் சர்வே எண் அதில் வயலாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அட்டப்பாடியில் பழங்குடி மக்களின் நிலத்தை மற்றவர்கள் வாங்கினால் அது செல்லாது. வாங்கவே போகாதீர்கள், அது அவர்களுக்கு மிஞ்சியிருக்கும் கொஞ்சம்.

தேனி, கம்பம் பக்கம் வாங்கினால் மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கொடியும் வண்ணக் கல்லும் நட்டிருப்பது அங்கீகாரம் ஆகாது.

பதிவுச் செலவையும் முன்பே ஒதுக்குங்கள். கேரளத்தில் முத்திரைத்தாள் 8 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 5 லட்ச ரூபாய் நிலத்துக்கு 50,000 ரூபாய். தமிழ்நாட்டில் 7-ம் 2-ம். அதாவது 45,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் தமிழ்நாட்டில் ஒரு விழுக்காடு குறைவு. கொழுந்து பறித்துச் சம்பாதிப்பவர் அவர்தானே! அவர் பெயரில் பதிவது நியாயமும்கூட.

பதிந்ததோடு வேலை முடியவில்லை. கேரளத்தில் வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு செய்து, தண்டப்பேர் எண் நம் பெயருக்கு மாற வேண்டும். தமிழ்நாட்டில் பட்டா மாற வேண்டும். மனுப் போட அக்ஷயா மையம், இ-சேவை மையம் இருக்கின்றன. பிறகு ஆண்டுதோறும் நிலவரி கட்டுங்கள். ரசீதில் பெயர், சர்வே எண், பரப்பு மூன்றையும் நீங்களே வாசித்துப் பாருங்கள். பரப்பு ஆர் கணக்கில் இருக்கும். 1 ஆர் என்றால் ஏறக்குறைய இரண்டரை சென்ட்.