ஒரு கதவு சாத்தப்பட்டது!

செல்வம் கொழிக்கும் நாடு அமெரிக்கா. அங்கே, 2022 மே திங்களில், கைக்குழந்தையோடு தாய்மார் கடை கடையாக ஏறி இறங்கினர். பட்டுக்கா? பகட்டுக்கா? இல்லை, பிள்ளையின் பால்மாவுக்கு! கையிலே காசிருந்தது, கடையிலே சரக்கில்லை!

கொரோனாக் காலத்துத் தட்டுப்பாடு முன்பே இருந்தது. அதைப் பெரும் நெருக்கடியாக்கியது, மிச்சிகன் மாநிலத்து ஸ்டர்ஜிஸ் என்ற சிற்றூரில் மூடப்பட்ட ஓர் ஆலை! அப்பாட் நிறுவனத்தின் அந்த ஆலையில் குரோனோபேக்டர் என்னும் கிருமி காணப்பட்டது. பிப்ரவரி 17-ல் சரக்கு திரும்பப் பெறப்பட்டது, வேலை நின்றது. மூடியது தவறென்று நாம் கூறவில்லை. குழந்தையின் உயிர் பெரிது. நாம் கேட்பது இது: ஒரு கதவு சாத்தப்பட்டால் ஒரு நாடே தவிக்கலாமா?

ஏன் தவித்தது? சந்தையின் பெரும்பகுதி நான்கே நிறுவனங்களின் கையில். அயல்நாட்டுச் சரக்குக்கோ வரியும் விதியும் தடை. ஏழைச் சேய்களுக்கு உதவும் 'விக்' திட்டத்திலே, மாநிலங்கள் டெண்டர் கோரி, நிகர விலை குறைந்த ஒரே நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தன. சிக்கனம்தான், மறுக்கவில்லை, மிச்சமான பணம் மேலும் பல ஏழைகளுக்குப் பயன்பட்டது. ஆனால், அந்த ஒருவரும் கைவிரித்தால்? அந்தக் கேள்விக்கு விடை எழுதி வைக்க வேண்டும் என்ற கட்டாயம் அப்போது இல்லை!

விளைவு? மே 22-ல் ஜெர்மனியிலிருந்து இராணுவ விமானம் பால்மாவு சுமந்து வந்தது! ஜூன் 4-ல் ஆலை மீண்டும் இயங்கியது. சில நாட்களில் மழை வெள்ளம் புகுந்து மறுபடியும் நின்றது!

பட்ட பிறகு புத்தி வந்தது. சரக்கு திரும்பப் பெறப்பட்டால் தாய்மாருக்கு மாற்று வழி என்ன என்பதை 'விக்' ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்று அதே மே திங்களில் சட்டம் வந்தது.

சோப்பு விற்போரும், பிஸ்கட் விற்போரும், மருந்து வாங்கும் அரசினரும் இதை எண்ணிப் பார்க்கட்டும். விலை என்ன, தரம் என்ன என்று கேட்கிறீர்கள், சரி. உன் ஆலை நின்றால் எத்தனை நாள் இருப்பு உண்டு என்று கேட்டீர்களா? இரண்டாவது ஒருவருக்குச் சிறு பங்காவது நாள்தோறும் கொடுத்து வருகிறீர்களா? நல்ல நாளில் திரும்பிப் பாராதவன், ஆபத்து நாளில் ஓடி வருவானா? அந்த இருவரும் ஒரே கிணற்றில் நீர் இறைப்பவர்கள் என்றால், இரண்டு குடம் இருந்தென்ன பயன்?

மலிவு வேண்டும். ஆனால், மலிவை மட்டும் பார்த்து வாங்கினால், மீதி விலையைப் பசித்த பிள்ளை அல்லவா கட்டுகிறது!