திரைப்படம் மறைத்த ஸபஃ நாட்டு அரசி

எமது பிள்ளைகளில் பலர் நபிமார்களின் வரலாற்றை குர்ஆன் மத்ரஸாவில் கேட்பதற்கு முன்பே கைத்தொலைபேசியில் பார்த்துவிடுகிறார்கள். அவ்வாறு பார்க்கக் கிடைக்கும் பழைய ஹொலிவூட் படங்களில் ஒன்று 1959இல் வெளிவந்த 'சொலமன் அன்ட் ஷீபா'. கிங் விடோர் இயக்கியது. யுல் பிரின்னரும் ஜினா லொலோபிரிஜிடாவும் நடித்தது. எகிப்து மன்னனுடன் கூட்டுச் சேர்ந்து, சொலமனை மயக்கி வீழ்த்த வரும் அரசி, பின்னர் அவர்மீதே காதல் கொள்வதுதான் கதை.

நபி ஒருவரை நடிகர் நடித்துக் காட்டுவதே எமக்கு ஏற்புடையதல்ல. அது ஒருபுறமிருக்க, ஹட்டனில் ஓர் இளைஞர் என்னிடம், "கிறிஸ்தவர்களின் வேதத்தில் இப்படித்தானா இருக்குது, நானா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தேவை. பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் நடந்து செல்லும் தூரத்தில் இருக்கும் ஊர் இது. அயலவரின் வேதத்தில் இல்லாததை அவர்கள்மீது சுமத்துவது நியாயமல்ல.

பைபிளில் 1 இராஜாக்கள் 10ஆம் அதிகாரத்தில் இச்சம்பவம் வருகிறது. சாலொமோனின் ஞானத்தைக் கேள்விப்பட்ட சேபா நாட்டு அரசி, கடினமான கேள்விகளால் அவரைச் சோதிக்க வருகிறாள். வியந்து, 120 தாலந்து பொன்னைக் கொடுத்து, தன் நாட்டுக்குத் திரும்புகிறாள். சதியும் இல்லை, காதல் நாடகமும் இல்லை. இருவருக்கும் மெனலிக் என்ற மகன் பிறந்ததாகக் கூறுவது எத்தியோப்பிய மரபு. படத்தின் சதியும் போரும் திரைக்கதையாளர்களின் கற்பனையே.

அல்குர்ஆனில் ஸூரத்துந் நம்ல் 20 முதல் 44 வரையான வசனங்கள் இவ்வரசியைப் பேசுகின்றன. 'பில்கீஸ்' என்ற பெயர்கூட அங்கில்லை; அது தஃப்ஸீர்களில் வருவது. ஹுத்ஹுத் பறவை கொண்டு சென்ற கடிதம் கிடைத்ததும் அவர் பிரதானிகளிடம் ஆலோசனை கேட்கிறார். "நாம் பலசாலிகள், முடிவு உங்களுடையது" என்ற கருத்தில் அவர்கள் பதிலளிக்கிறார்கள். அவரோ போருக்குத் துள்ளவில்லை. மன்னர்கள் ஓர் ஊருக்குள் புகுந்தால் அதைச் சீரழித்துவிடுவார்கள் என்பதை எடுத்துச் சொல்லி, முதலில் அன்பளிப்பு அனுப்பிப் பார்க்கிறார். நபி சுலைமான் (அலை) அதை ஏற்கவில்லை.

இறுதியில், பளிங்குத் தளத்தைத் தண்ணீர் என்று எண்ணிய அரசி, உண்மை விளங்கியதும் தன் தவறை ஏற்கிறார். சுலைமானுக்கு அல்ல, சுலைமானுடன் சேர்ந்து அல்லாஹ்வுக்கே அடிபணிகிறார்.

படம் அவரிடம் கண்டது அழகை. குர்ஆன் காட்டுவதோ மக்களின் உயிரை எண்ணி முடிவெடுத்த, உண்மை தெளிவானதும் பதவியோ பெருமையோ பாராமல் ஏற்றுக்கொண்ட ஒரு தலைவியை. எமது பெண்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய வரலாறு இதுதான். படத்தைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் அதட்டி அனுப்பாமல், அந்த 25 வசனங்களையும் அவர்களுடன் அமர்ந்து வாசியுங்கள். கால் மணித்தியாலம் போதும்.