பப்பாசித் தண்டு விளக்கு

உடுவிலிற் பிறந்து இன்று நாற்பது வயதைத் தாண்டி நிற்கும் எம்மைப் போன்றவர்கள் மின்மினியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு பூச்சியில் ஆரம்பித்து மண்ணெண்ணெயில் வந்து நிற்கும். வெளியூர் அன்பர்களுக்கு இது விந்தையாகத் தோன்றக்கூடும். காரணத்தைக் கூறுகின்றோம்.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டதன்பின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாது போயிற்று. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் அருந்திரவியமாயிற்று. அக்காலத்தில் வீடுதோறும் எரிந்தது ஜாம் போத்தல் விளக்கு. சிறிய ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சை இட்டு, சில கரண்டி எண்ணெயை அதில் ஊறவைத்து, கம்பியில் மாட்டிய மெல்லிய திரியை உள்ளே நிறுத்தி எரிப்பார்கள். சுடர் போத்தலுக்குள் இருப்பதாற் காற்றுக்கு அணையாது. எண்ணெயும் மெல்லச் செலவாகும். பாடம் படிக்க ஒன்று, அடுக்களைக்கு ஒன்று. முற்றத்துக்கு விளக்கு என்ற பேச்சே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்ட காலம் அது. எமது வீட்டு விறாந்தை முகட்டில் ஒரு ரியூப் லைற் சிலந்தி வலை படர்ந்து கிடந்தது. அது எரிந்ததை எமது தம்பி கண்டதே இல்லை.

அந்த இருட்டிலேதான் நாம் மின்மினிகளைக் கண்டோம். அவை எமக்காகப் புதிதாக வந்தவையல்ல. எமது பாட்டனார் காலத்திலும் வந்தவையே. ஆயினும் முற்றம் முழுவதும் இருண்டு கிடந்தமையால், அவற்றை விட்டால் எமக்குப் பார்க்க வேறொன்றும் இருக்கவில்லை.

உடுவில் செம்மண் பூமி. குளத்தையும் ஆற்றையும் நம்பாமல், கிணற்றை நம்பிப் பயிர் செய்யும் ஊர். எரிபொருள் இல்லாமையால் நீரிறைக்கும் இயந்திரங்கள் பல ஓய்ந்துவிட, கைவிடப்பட்ட துலாக்கள் மீண்டும் ஏறி இறங்கின. மற்றெங்கும் நிலம் வெடித்துக் கிடக்கும் கோடையிலும், கிணற்றடி வாழைகளின் அடியிலும் வாய்க்கால் ஓரத்துப் புல்லிலும் ஈரம் காயாது. சித்திரைச் சிறுமாரி ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்தால், பொழுதுபட்டு அரை மணி நேரத்துள் வாழைத் தோட்டத்திலிருந்து முதலாவது பொறி கிளம்பும். பின்னர் பூவரச வேலி நெடுக ஒன்று, கிளுவை மறைவில் ஒன்று. எண்ணத் தொடங்கிய பிள்ளை இருபதுக்குமேல் எண்ணிக்கையைத் தவறவிட்டுச் சண்டைக்கு வரும்.

பிடிப்பதற்கு வலையும் வேண்டாம், தடியும் வேண்டாம். மின்மினி மெதுவாகப் பறக்கும். அணைந்த இடத்துக்குச் சற்று முன்னே கையைக் குவித்து நின்றால் உள்ளங்கையில் வந்து ஏறும். சூடே இராது, ஒருவகைக் காட்டமான மணம் மட்டும் விரலில் ஒட்டிக்கொள்ளும். தீப்பெட்டியில் அடைப்போர் உண்டு, போத்தலில் இட்டு வாயைத் துணியாற் கட்டுவோர் உண்டு. எமது ஒழுங்கைப் பிள்ளைகளின் கண்டுபிடிப்பு வேறு. பப்பாசி இலைத் தண்டு உள்ளே வெறுங்குழாயானது. அதனுள் ஐந்தாறு மின்மினிகளை விட்டு இரு புறமும் இலையால் அடைத்துவிட்டால், வெளிறிய பச்சைத் தண்டு முழுவதும் விட்டுவிட்டு ஒளிரும். அதற்கு நாம் இட்ட பெயர் 'ரியூப் லைற்'. முகட்டிற் கிடந்த உண்மையான ரியூப் லைற்றைக் காட்டிலும் அதுவே எமது தம்பிக்கு உண்மையானது.

அப்பாச்சிக்கு இவ்விளையாட்டில் மறுப்பில்லை. ஒரேயொரு சட்டம் மட்டும் உண்டு. "படுக்கமுன்னம் அதுகளைத் திறந்து விட்டுப்போடுங்கோ பிள்ளையள். அதுகளுக்கும் வீடு வாசல் இருக்கு." இச்சட்டத்தை மீறத் துணிந்தவர் எவருமில்லை. பனங்கூடலிலே தூக்கணாங்குருவி தன் கூட்டில் ஈரக் களிமண்ணை அப்பி, அதில் மின்மினியைப் பதித்து விளக்கு வைக்கின்றது என்ற கதையையும் அவரே சொன்னார். களிமண் அப்புவது உண்மை. விளக்கு வைப்பது கதை. எனினும் விழுந்த கூடுகளை நாம் பிரித்துப் பார்க்காத நாளில்லை.

பெயர் பூச்சியேயாயினும் மின்மினி வண்டினத்தைச் சேர்ந்தது. உலகில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. வயிற்றின் நுனியில் 'லூசிபெரின்' என்னும் பொருள், 'லூசிபெரேஸ்' என்னும் நொதியத்தின் துணையோடு ஒட்சிசனுடன் கூடும்போது ஒளி பிறக்கின்றது. எமது உடலின் தசைகளுக்குச் சக்தி கொடுக்கும் ஏ.ரி.பி. என்ற பொருளும் இதற்கு இன்றியமையாதது என்பதை 1947இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மக்கெல்றோய் காட்டினார். ஆய்வுக்கு வேண்டிய மின்மினிகளை அவர் பெற்ற விதம் சுவையானது: போல்ற்றிமோர் நகரத்துச் சிறுவர்களுக்கு நூறு மின்மினிக்கு 25 சதம் என்று விலை பேசினார்! அப்பாச்சி இதனைக் கேட்டிருந்தால் அந்தப் பேராசிரியருக்கும் ஒரு சட்டம் போட்டிருப்பார்.

ஒளி அவற்றின் பேச்சு. பல வகைகளில், ஆண் பறந்துகொண்டே தனக்குரிய தாளத்தில் மின்னும். புல்லில் இருக்கும் பெண் தக்க இடைவெளி விட்டு விடை மின்னும். நாம் வேலியோரம் கண்டதெல்லாம் இந்தக் கேள்வியும் விடையுமே. ஆனால் மின்மினியின் வாழ்நாளில் இப்பகுதி சில வாரங்களே. அதற்கு முன் நெடுங்காலம் அது புழுவாக ஈர மண்ணிலும் சருகுக் குப்பையிலும் கிடந்து நத்தைகளைத் தின்று வளர்கின்றது. பயிரை அழிக்கும் பெரிய ஆபிரிக்க நத்தையையும் பிடித்துத் தின்னும் இனமொன்று இலங்கையில் உண்டு. அதனைப் பற்றி விவசாயத் திணைக்களத்தார் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஆராய்ந்து எழுதியுள்ளனர். தோட்டக்காரனுக்குக் கூலி வாங்காத வேலையாள் என்று இதனைச் சொல்ல வேண்டும்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. மாரி மழையில், நாவற்குழிப் பாலத்தின்மேல் ஓர் அடிக்கு அடுத்த அடி வைக்க இடமின்றி இரவு முழுவதும் நின்ற இலட்சக்கணக்கானோரில் எமது குடும்பமும் ஒன்று. அப்பாச்சியைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிச் சென்றோம். தென்மராட்சியிலே சரசாலைப் பக்கம் ஒரு தென்னங்காணியில் ஆறு மாதம் வசித்தோம். அங்கு மழை ஓய்ந்த இரவொன்றில் வயல் முழுவதும் மின்மினிகள் எழுந்தபோது, பிடிப்பதற்கு எமக்கு மனம் வரவில்லை. தம்பி மட்டும் ஒரு தடவை எழுந்து போய், பப்பாசி மரம் இல்லையென்று திரும்பி வந்தான்.

1996இல் ஊர் திரும்பினோம். வாழைகள் நின்றன, வேலியும் ஒருவாறு நின்றது, இருட்டும் இருந்தது. ஆனால் பொழுதுபட்டால் ஊரடங்கு. முற்றத்துக்குப் பிள்ளைகளை விடுவாரில்லை. மின்மினிகள் போகுமுன்னரே அவற்றைப் பார்க்கும் பழக்கம் போயிற்று என்பதை இன்று எழுதும்போதுதான் உணருகின்றோம். பின்னர் சிறிது சிறிதாக மின்சாரம் வந்தது. முகட்டு ரியூப் லைற் எரிந்த அன்று தெருவே கூடிக் கைதட்டியது, நாமும் தட்டினோம்.

இதனால் எவரும் அந்த இருட்டை நாம் போற்றுவதாக எண்ணிவிடலாகாது. குப்பி விளக்கில் ஊசி போட்ட வைத்தியரையும், புகையிற் கண்ணெரியப் பரீட்சைக்குப் படித்த அக்காமாரையும் அறிந்தவன் எவனும் அவ்வாறு போற்றமாட்டான். மின்மினிகள் அருகியதற்கு வெளிச்சம் ஒன்றே காரணமுமன்று. 2020இல் சாரா லூயிஸ் என்ற அமெரிக்க அறிஞரும் கூட்டாளிகளும் பல நாட்டு நிபுணர்களைக் கேட்டு வெளியிட்ட ஆய்வு, வாழிடம் அழிதல், இரவில் செயற்கை வெளிச்சம், பூச்சிகொல்லி ஆகிய மூன்றையும் முதன்மையாகக் கூறுகின்றது. எம்மூரில் மூன்றையும் ஒரு ஒழுங்கைக்குள்ளேயே காட்டலாம். பூவரச வேலி இருந்த இடத்தில் மதில். மதிலின்மேல் விடியும்வரை எரியும் வெள்ளை விளக்கு. அப்பால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் ஓயாமல் தெளிக்கப்படும் மருந்து. மதில் கட்டியவரைக் குறை கூற நாம் யார்? அடைக்க வேலியே இல்லாமல் ஊர் திரும்பியவர்கள் பலர் கட்டியவை அவை.

எமது வீட்டில் ஒரு சிறு ஏற்பாடு செய்துள்ளோம். கிணற்றடி மின்குமிழைச் சித்திரை, வைகாசியில் இரவு எட்டு மணிக்கு அணைத்துவிடுகின்றோம். வாழையடிச் சருகைக் கூட்டி எரிப்பதில்லை. பாம்பு வருமென்று இல்லாள் கூறுவதிலும் நியாயம் உண்டு. ஆதலால் கையில் ரோச் இன்றி ஒருவரும் அப்பக்கம் போகக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். சென்ற ஆண்டு மூன்று மின்மினிகளைக் கண்டோம். இவ்வாண்டு ஐந்து. ஐந்தும் வேறு வேறா, ஒன்றே ஐந்து தடவை வந்ததா என்பதில் எமது மக்களுக்குள் வழக்கு இன்னும் முடியவில்லை.

வகுப்பில் இக்கதையைச் சொன்னபோது மாணவர் பலர் மின்மினியைப் படத்தில் மட்டுமே கண்டதாகக் கூறினர். பின் வாங்கில் இருந்த சரசாலை மாணவன் ஒருவன் மட்டும் எழுந்து, "எங்கட வயலிலை இப்பவும் வரும் சேர், மழை விட்டாப்பிறகு வாங்கோ" என்றான். மாரி முடிந்ததும் தம்பியையும் அழைத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கின்றோம்.