கடல் இறங்கும் நேரம் தெரியுமா?

மாணவர்களே, தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் 513 படிகளையும் ஏறி, பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் முன்னால் மூச்சு வாங்க நின்றிருக்கிறீர்களா? அடுத்த முறை அங்கே நிற்கும்போது சற்றுத் திரும்பிப் பாருங்கள். ஜார்ஜ்டவுன் கட்டடங்களுக்கு அப்பால் கடல் தெரியும். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வரும் திருநாள். அந்த நாள்களில் கடல் வழக்கத்தைவிட அதிகமாக ஏறும். அதே அளவுக்கு அதிகமாக இறங்கவும் செய்யும். இந்த இரண்டாவது பாதியை மறந்ததால் நானும் என் மனைவியும் ஒருநாள் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் சேற்றில் கிடந்தோம். அந்தக் கதையோடு அதன் கணக்கையும் சொல்கிறேன்.

பினாங்கைச் சுற்றிச் சிறிய தீவுகள் பல உண்டு. கிழக்கே ஜெரெஜாக், தெற்கே ரிமாவ், கெண்டி, பெருநிலப் பக்கம் பத்து காவானுக்கு எதிரே அமான், கெடுங். முறையாகப் படகோட்டப் பழகிய பிறகு, பள்ளி விடுமுறையில் நாங்கள் இருவரும் ஒரு சிறு விசைப்படகில் அமான் தீவுக்குப் போனோம். பௌர்ணமிக்கு மறுநாள் அது. பகல் 1 மணிக்குக் கடல் நன்றாக ஏறியிருந்தது. கரையோரமாகவே ஓட்டிச் சென்றோம். ஒரு தடையும் இல்லை. தீவின் புகழ்பெற்ற இறால் மீயைச் சாப்பிட்டோம். “இன்னொரு தட்டு சொல்லலாமா?” என்று கேட்டது நான்தான். தீவைச் சுற்றி நடந்துவிட்டு, நான்கு மணிக்கு வந்த வழியிலேயே திரும்பினோம். சற்று நேரத்தில் என் மனைவி, “ஏங்க, தண்ணி நிறம் மாறுதே, பாருங்க!” என்றார். நான் பார்ப்பதற்குள் எஞ்சினின் சுழல் விசிறி சேற்றைக் கிளறத் தொடங்கிவிட்டது. படகு நின்றுவிட்டது.

என்ன நடந்தது? மலாய் மீனவர்கள் ‘ஆயர் பாசாங்’, ‘ஆயர் சூருட்’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கடல் ஏற்றமும் இறக்கமும்தான் அவை. அறிவியல் பாடத்தில் இதை ‘ஓதம்’ என்கிறோம். நிலவின் ஈர்ப்பு, பூமியில் தனக்கு அருகில் உள்ள பக்கத்தில் கூடுதலாகவும் எதிர்ப்பக்கத்தில் குறைவாகவும் இருக்கும். இந்த வேறுபாட்டால் கடல்நீர் இரு பக்கமும் சற்றுப் புடைக்கிறது. பூமி சுழல்வதால் பினாங்கு போன்ற கரைகளில் நாளுக்கு இருமுறை கடல் ஏறி இறங்குகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால்தான் ஏற்ற நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகிறது.

சூரியனும் கடலை இழுக்கிறது. ஓதத்தை எழுப்பும் அதன் ஆற்றல் நிலவினுடையதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. பௌர்ணமி, அமாவாசை நாள்களில் சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்பதால் இரண்டு விளைவுகளும் ஒன்று சேர்கின்றன. தைப்பூசம், சித்ரா பௌர்ணமி, தெலுக் பஹாங்கில் தெப்பம் விடும் மாசி மகம் எல்லாமே பெரிய ஓதத்தை ஒட்டி வருபவை. அரைநிலவு நாள்களில் சூரியனும் நிலவும் வெவ்வேறு திசையில் இழுப்பதால் ஏற்ற இறக்கம் சிறியதாகிவிடும்.

மலாக்கா நீரிணையின் வடிவமும் சேர்ந்து கொள்கிறது. பெரிய ஓத நாள்களில் பினாங்கில் நீர்மட்ட வேறுபாடு ஏறக்குறைய 2 மீட்டர். நீரிணை குறுகும் கிள்ளான் துறைமுகத்திலோ இது ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும்.

இப்போது எங்கள் தவற்றுக்கு வருவோம். ஆறு மணி நேரத்தில் இறங்கும் கடல், மணிக்கு மணி ஒரே அளவாக இறங்குவதில்லை. கடலோடிகள் இதற்கு ‘பன்னிரண்டில் ஒரு பங்கு’ என்ற எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். மொத்த இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக்குங்கள். முதல் மணியில் 1 பங்கு, இரண்டாம் மணியில் 2, மூன்றாம் மணியில் 3, நான்காம் மணியில் 3, ஐந்தாம் மணியில் 2, ஆறாம் மணியில் 1 பங்கு இறங்கும்.

கணக்கு எளிதாக இருக்க, மொத்த இறக்கம் 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு 0.2 மீட்டர். கடல் நிறைந்திருந்த 1 மணிக்குச் சேற்றுத் திட்டின் மேல் 2 மீட்டர் ஆழம். 4 மணிக்குள் 6 பங்கு, அதாவது 1.2 மீட்டர் இறங்கிவிட்டது, மீதி 0.8 மீட்டர். விசிறியோடு சேர்த்து எங்கள் படகு மிதக்க 0.6 மீட்டர் வேண்டும். கையிருப்பு வெறும் 0.2 மீட்டர். அடுத்த ஒரு மணி நேரத்தில் 0.6 மீட்டர் இறங்கும் என்றால், 0.2 மீட்டர் இறங்க 20 நிமிடம் போதும். 4:20-க்கு நாங்கள் மாட்டிக்கொண்டது இப்படித்தான்!

மீண்டும் 0.6 மீட்டர் ஆழம் எப்போது வரும்? இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இரவு 7 மணிக்குக் கடல் அடிமட்டம். அங்கிருந்து 2 மணி 40 நிமிடம் கழித்து, அதாவது 9:40-க்கு. சேற்றில் இறங்கி நடக்கலாமே என்று நினைக்கிறீர்களா? கூடவே கூடாது. மிக நுண்ணிய களிமண் துகள்களுக்கு இடையே நீர் நிறைந்திருக்கும். கால் புதைந்த பின் இழுத்தால், அடியில் காற்று புக வழியில்லாததால் சேறு காலை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். படகிலேயே இருப்பதுதான் பாதுகாப்பு. கைப்பேசியில் வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டு, இருந்த தண்ணீரைப் பங்கிட்டுக் குடித்துக் காத்திருந்தோம். நிலவு எழுந்தது. எங்களைச் சேற்றில் இறக்கிய அதே நிலவுதான் பிறகு தூக்கியும் விட்டது.

அந்த ஐந்து மணி நேரத்தில் இருவரும் பேசிப் பேசிச் சில விதிகளை வகுத்தோம்.

ஒன்று, இருவர் போகும் படகில் இருவருக்கும் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். அன்று வரை நான் மட்டுமே ஓட்டுவேன். நான் கடலில் விழுந்திருந்தால் என் மனைவியால் படகைத் திருப்பியிருக்க முடியாது. இப்போது அவரும் கற்றுக்கொண்டுவிட்டார். ஓட்டுபவர் எஞ்சினை நிறுத்தும் கயிற்றைத் தன்னோடு இணைத்துக்கொள்வார்; மற்றவர் நீரைப் பார்ப்பார். உயிர்காப்பு அங்கி இருவர் மேலும் எப்போதும் இருக்கும்.

இரண்டு, பெட்ரோலை மூன்று பங்காகப் பிரிக்க வேண்டும். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, எதிர்பாராததற்கு ஒரு பங்கு. நீரோட்டம் எதிர்த்தால் அதே தூரத்துக்கு அதிகம் செலவாகும். ஜெரெஜாக் தீவுக்கும் பினாங்குக்கும் நடுவே உள்ளது போன்ற குறுகிய வழிகளில் அதே அளவு நீர் சிறிய இடைவெளியில் புகுந்து செல்ல வேண்டியிருப்பதால் ஓட்டம் வேகமாகும். அந்த ஜெரெஜாக் தீவில்தான் 19-ஆம் நூற்றாண்டில், கப்பலேறி வந்த நம் முன்னோர் பலர் நோய்த் தடுப்புக்காகத் தனிமைப்படுத்தப்பட்டனர்.

மூன்று, காற்றையும் ஓட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓட்டம் ஒரு திசையிலும் காற்று எதிர்த் திசையிலும் இருந்தால் அலைகள் நெருங்கிச் செங்குத்தாக எழும். சிறு படகுக்கு அது ஆபத்து. தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வரும் ‘சுமத்ரா’ புயற்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ தாக்கும். மேற்கே கருமேகம் சுவர்போல் எழுந்தால் கிளம்பவே கூடாது.

நான்கு, எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவசரத்துக்கு 999.

நில அளவை, வரைபடத் துறையான ஜூபெம் ஒவ்வோர் ஆண்டும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. வரும் பௌர்ணமியன்று பினாங்கின் ஏற்ற நேரத்தையும் இறக்க நேரத்தையும் அதில் பார்த்து, மணிக்கு மணி நீர்மட்டத்தைப் பன்னிரண்டு பங்குக் கணக்கில் எழுதுங்கள். பிறகு பெரியவர்களுடன் பாடாங் கோத்தா கடற்கரைக்குப் போய், தடுப்புச் சுவரின் கற்களில் நீர் எந்த மணியில் வேகமாக இறங்குகிறது என்று கரையில் நின்றபடியே கவனியுங்கள். உங்கள் கணக்கும் கடலின் கணக்கும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது அப்போது தெரிந்துவிடும். நானும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால், இரண்டாவது தட்டு மீ கேட்டிருக்க மாட்டேன்!