சேர்க்க டெல்லி, அடைக்க மாநிலம்

மாமல்லபுரத்தில் லாட்ஜ் நடத்துகிறேன். பிரான்ஸ்காரர் ஒருவர் அறை எடுத்தால், பாஸ்போர்ட்டும் விசாவும் பார்த்து 24 மணி நேரத்துக்குள் அவர் விவரங்களை ஆன்லைனில் ஏற்றிவிட வேண்டும். இங்கே பெயின்ட் அடிக்க வந்தவர் கீழ்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் அகதி முகாம்காரர். சட்டத்தின் கண்ணில் அவரும் வெளிநாட்டவர்தான். முகாமில் செக்கிங் என்று போன் வந்தால் பிரஷ்ஷைத் தின்னர் டப்பாவில் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவார்.

"மகள் இஞ்சதான் பிறந்தவள் அண்ணை. பிளஸ் டூ முடிச்சிட்டாள். பாஸ்போர்ட் கேட்டா, எந்த நாடு எண்டு கேக்கினம்" என்றார்.

முகாம்களில் சுமார் 58,000 பேர் இருக்கிறார்கள். மாத உதவித்தொகை, அரிசி, வீடு எல்லாம் மாநில அரசு வழியாக வருகின்றன. 2021-ல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியதும் சென்னைதான். ஆனால் குடியுரிமையும் வெளிநாட்டவர் விவகாரமும் அரசமைப்பின் மத்தியப் பட்டியலில், 17-வது, 19-வது இனங்களில் இருக்கின்றன. அங்கே சட்டமன்றத்துக்கு வேலையில்லை.

அதற்காக மாநிலத்தின் கையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வெளிநாட்டவரை ஓரிடத்தில் கட்டிவைக்கும் அதிகாரத்தை 1946-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் டெல்லி மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தது. செங்கல்பட்டு கிளைச் சிறையில் 'சிறப்பு முகாம்' நடந்தது அந்த அதிகாரத்தில்தான். அடைக்கும் உரிமை கீழே இறங்கி வந்தது. சேர்த்துக்கொள்ளும் உரிமை மேலேயே நின்றுவிட்டது. அமெரிக்காவில் கதை தலைகீழ்: அரிசோனா மாநிலம் குடியேறிகளிடம் மத்திய அரசைவிடக் கடுமை காட்டப் போய், 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பெரும்பாலும் தோற்றது.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு வழிவிட்டது, இலங்கையை விட்டுவிட்டது. 2021 செப்டம்பர் 8-ல் சட்டமன்றம் அதைத் திரும்பப் பெறச் சொல்லித் தீர்மானம் போட்டது. சட்டம் அசையவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு சலுகை தந்தது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்குத் தண்டனை கிடையாது. இது தண்டனையிலிருந்து விலக்கு, அவ்வளவுதான், குடியுரிமை ஆகாது.

1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த பெண் ஒருவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது அந்த விதியை வைத்துத்தான். பெயின்டரின் மகள் பிறந்தது 2004 டிசம்பருக்குப் பிறகு. பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறியாகக் கருதப்பட்டாலே பிள்ளைக்கு அந்த உரிமை இல்லை என்று விதி மாறிவிட்ட காலம்.

அதை மாற்றுகிற இடம் நாடாளுமன்றம். கோட்டையில் இன்னொரு தீர்மானம் போடுவதைவிட, நாம் அனுப்பிய 39 மக்களவை உறுப்பினர்கள் அங்கே ஒரே திருத்தத்தைக் கேட்டு நிற்பதுதான் அந்தப் பெண்ணுக்கு உதவும்.