நிழலைப் பார்த்துக் கிழங்கு வாங்குங்கள்

மாமரத்தடியில் வைத்த ரோஜா இலையோடு நின்றுவிடும். பக்கத்தில் மூன்று மாடி எழும்பிவிட்டால் செம்பருத்திகூட மொட்டைக் குறைத்துக்கொள்ளும். அதற்காக அந்த இடத்தை மணிபிளாண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டியதில்லை. வெங்காயம்போலக் குமிழ்க்கிழங்கு உள்ள செடிகளில் சில, நிழலிலேயே நன்றாகப் பூக்கும். எந்த நிழலுக்கு எந்தக் கிழங்கு என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்கள் நிழலுக்கென்று சொல்லும் ஸ்னோடிராப், புளூபெல் படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். இங்கிலாந்துக் காடுகளில் மரங்கள் குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும். அவை துளிர்த்துக் கூரை போடுவதற்குள் கிடைக்கும் வெயிலில், இந்தச் செடிகள் இலைவிட்டு, பூத்து, அடுத்த ஆண்டுக்கான உணவையும் கிழங்கில் சேர்த்துவிடும். நம் மாமரம் அப்படி வழிவிடுவதில்லை. ஆண்டு முழுக்க இலைதான். துலிப்புக்கோ மாதக்கணக்கில் குளிர் வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் அதைப் புதைப்பது காசைப் புதைப்பதுதான்.

இங்கே தேட வேண்டியது வெப்பமண்டலக் காட்டுத் தரையில் வளர்ந்து பழகிய செடிகளை. அவற்றில் முதலிடம் அமேசான் லில்லிக்கு. கொலம்பியா, பெரு பக்கத்து மழைக்காடுகள் அதன் தாய்வீடு. நேர்வெயில் பட்டால் இலை கருகும்; வெளிச்சமுள்ள நிழலில் அகலமான கரும்பச்சை இலைகளோடு வருடம் முழுக்க நிற்கும். ஒன்றரை, இரண்டடித் தண்டின் உச்சியில் நான்கைந்து வெள்ளைப் பூக்கள் தலைகவிழ்ந்து தொங்கும். பூவின் நடுவே ஒரு சிறு கிண்ணம், அதில் இளம்பச்சைச் சாயல், இதமான மணம். தொட்டி நிறைந்துவிட்டதே என்று உடனே பிரித்து நடக் கூடாது. கிழங்குகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தால்தான் நன்றாகப் பூக்கும். சில வாரம் தண்ணீரைக் குறைத்து, பிறகு தாராளமாக ஊற்றினால் பூந்தண்டு கிளம்புவதும் உண்டு.

காலையில் இரண்டு மூன்று மணி நேரம் வெயில் எட்டிப்பார்க்கும் இடமென்றால் ஃபுட்பால் லில்லி வைக்கலாம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கோடை மழை விழுந்ததும் வெறும் மண்ணிலிருந்து தண்டு நீட்டி, நூற்றுக்கும் மேற்பட்ட சிறு பூக்கள் சேர்ந்த சிவப்புப் பந்தை விரிக்கும். மே மாதத்தில் ஒரே ஒரு முறை, அதுவும் ஒன்றிரண்டு வாரம்தான். அதற்காகவா வருடம் முழுக்கத் தொட்டியைக் காப்பது என்று கேட்பவர்கள் அந்தப் பந்தைப் பார்க்காதவர்கள். இலை காய்ந்து செடி உறங்கும் மாதங்களில் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். காலித் தொட்டிதானே என்று தினமும் ஊற்றினால் கிழங்கு அழுகும்.

சாலைத் தடுப்புகளில் முழு வெயிலில் நிற்கும் ஸ்பைடர் லில்லி அரைநிழலிலும் பூக்கும். மழைத் தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். சம்பங்கிக்கு அரைநிழல் ஒத்துவராது. சத்தியமங்கலம் பக்கம் திறந்த வயலில் அது பயிராவதைப் பார்த்தாலே காரணம் புரியும். மழை லில்லிக்கும் நிழலில் இலைதான் மிஞ்சும். செங்காந்தள் வேலியடி நிழலில் முளைத்தாலும், கொடி ஏறி வெயிலைத் தொட இடம் வேண்டும்.

வாங்கும் முன் நடுப்பகலில் அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, மேலே கையை நீட்டிப் பார்க்கலாம். கைநிழல் விளிம்பு கூர்மையாக விழுந்தால் அது வெயில் இடம். மங்கலாகத் தெரிந்தால் அரைநிழல். தெரியவே இல்லையென்றால் பூவை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு முறை பார்த்தால் போதாது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை உச்சிவெயில் வடக்கிலிருந்து சாய்ந்து விழும். மார்கழியில் இருண்டு கிடக்கும் வடக்குச் சுவரோரம், ஆனியில் காலையும் மாலையும் காயும்.

மரத்தடி மண்ணில் வேர்கள் பின்னிக் கிடக்கும், தொட்டியே வசதி. செம்மண், ஆற்றுமணல், மண்புழு உரம் கலந்து, கிழங்கின் கழுத்து மண்மட்டத்தில் இருக்கும்படி நடலாம். அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருக்கும் கிழங்கையே வாங்குங்கள். இந்த லில்லிக் கிழங்குகளில் லைகோரின் என்ற நச்சு உண்டு. தின்றால் வாந்தி எடுக்கும். வெங்காயக் கூடை அருகில் வைக்காதீர்கள். நாய், ஆடு வளர்ப்பவர்கள் தொட்டியை உயரத்தில் வைப்பது நல்லது.